நாமக்கல்ல மாமா லாரிக்கு கிரௌன் இறக்குன கதை

பொங்கலுக்கு மூணு வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். பேங்க் வேலை, ஆதார்ல போன் நம்பர் மாத்துறது, பல் டாக்டர்னு ஒரு லிஸ்ட் கையில இருந்துச்சு. பேங்க் ஒரே நாள், ஆதார் அரை மணி நேரம், பல்லு ரெண்டு சிட்டிங், அத பத்தி எழுத பெருசா ஒன்னும் இல்ல. மீதி லீவுல பாதி எங்க மாமாவோட லாரி பின்னாடியே போயிருச்சு, அதத்தான் எழுதறேன். (கிரௌன்னா பின் ஆக்ஸில் நடுவுல சக்கரத்த சுத்த வெக்கற பெரிய பல்சக்கரம், அது உக்கார்ற டிஃபரென்ஷியல் மொத்தத்தையும் கிரௌன்னுதான் சொல்றது.)

நான் கெனடாவுல, கால்கரியில ட்ரக் ஓட்டுறவன். மாமாவுக்கு சொந்தமா ஒரு 10 சக்கர வண்டி, பின்னாடி ஒரு ஆக்ஸில்தான் இழுக்கும், இன்னொன்னு டம்மி. தாவணகெரேல இருந்து மக்காச்சோளம் ஏத்திட்டு வந்து நாமக்கல்ல கோழித்தீவன மில்லுக்கு இறக்குவாரு. நான் பெங்களூர்ல இறங்குன அன்னைக்கு அவரும் லோடோட அந்த வழியாத்தான் வந்துட்டு இருந்தாரு, சரினு ஓசூர் வரைக்கும் பஸ்ல வந்து ரெண்டு சூட்கேஸோட லாரி கேபின்ல ஏறிட்டேன். (அம்மா இன்னும் திட்டிட்டு இருக்காங்க, பிளேன்ல வந்தவன் லாரியில வந்து இறங்குனா தெருவே பாக்குதாம்.)

தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கம். மாமா கியர குறைச்சு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாரு, எக்ஸாஸ்ட் பிரேக் (என்ஜின் புகை வழிய அடைச்சு வேகத்த குறைக்கறது) சத்தத்தையும் மீறி பின்னாடி இருந்து மில்லு சங்கு மாதிரி ஒரு ஊளை. கால வெச்சா நிக்குது, எடுத்தா திரும்ப ஊளை. வேகம் முப்பதுக்கு வந்ததும் ஊளை மாறி கரகரனு அரைக்கிற சத்தம். என்ன மாமா இதுனு கேட்டா, "அது ரெண்டு மாசமா அப்புடித்தான் மாப்ள, ஜாயின்ட் கிராஸ் ரெண்டும் மாத்திப் பாத்தேன், போவல" அப்படிங்கறாரு. ரோட்டோர கடையில எவனோ ஜாயின்ட்தான், அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு போற ஷாஃப்ட்டோட மூட்டுதான்னு சொல்லி 6,200 ரூபா வாங்கிட்டு அனுப்பியிருக்கான். ஜாயின்ட் போனா வண்டி எடுக்கையில டங்குனு ஒரு அடி வரும், இல்லன்னா ஒரு வேகத்துல வண்டியே நடுங்கும், இது ரெண்டுமே மாமா வண்டியில இல்ல. கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

மறுநாள் முதல்ல போனது ஏசி போட்ட பெரிய சர்வீஸ் சென்டர், பேரு வேணாம். கம்ப்யூட்டர்ல வண்டி நம்பர போட்டாங்க, கீழ ஒருத்தர் டார்ச் அடிச்சு பாத்தாரு, பத்து நிமிஷத்துல எஸ்டிமேட் வந்துருச்சு: டிஃபரென்ஷியல் மொத்தமா புதுசு, ஒன்னே கால் லட்சம், பார்ட்டு வர ஒரு வாரம் பத்து நாள். வண்டிய யாரும் ஓட்டிப் பாக்கல, எப்ப சத்தம் வருதுன்னும் கேக்கல. கால்கரியிலயும் முக்கால்வாசி எடத்துல கழட்டி ரிப்பேர் பண்ண மாட்டாங்க, ரீபில்ட் பண்ணத தூக்கி மாட்டிட்டு பழசத் திருப்பி எடுத்துக்குவாங்க, ஏன்னா அங்க லேபர் மணிக்கணக்குல ஏறும். ஊர்ல லேபர் அந்த விலை இல்லையே, அப்புறம் எதுக்கு முழுசா மாத்தறது.

மாமாவே பரமத்தி ரோட்டுல தெரிஞ்ச பட்டறைக்கு கூட்டிட்டு போனாரு. தகரக் கூரை, மண்ணு தரை, கிரீஸ் வாசம். பிட்டருக்கு அறுபது வயசு இருக்கும், டீய கீழ வைக்காமலே கேட்டாரு, "ஏனுங் தம்பி, சத்தம் இழுக்கையில வருதுங்களா, விடையிலங்களா? திரும்பையில மாறுதுங்களா? நிறுத்தி எடுக்கையில அடிக்குதுங்களா?" விடையில மட்டும்தான், திரும்பினா மாறல, அடி இல்லன்னேன். "அப்ப முன்னாடி பினியன் பேரிங்குங்க" அப்படின்னுட்டு மிச்ச டீய குடிச்சாரு. பினியன்னா ஷாஃப்ட் முனையில இருந்து கிரௌன சுத்த வெக்கற சின்ன பல்சக்கரம்.

அவரு கேட்ட மூணு கேள்வியிலயே பாதி வேலை முடிஞ்சிருச்சு. திரும்புறப்ப மட்டும் சத்தம் வந்தா டிஃபரென்ஷியல் உள்ள இருக்கற ஸ்டார் கியர், ஏன்னா நேரா போறப்ப அது சும்மா கூடவே சுத்தும், ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல போறப்பதான் அதுக்கு வேலை. வளைவுல ஒரு பக்கமா எடை சாயும்போது சத்தம் கூடி குறைஞ்சா வீல் பேரிங். இழுக்கையில பினியன் ஒரு பக்கம் தள்ளும், கால எடுத்தா அந்த தள்ளு அப்படியே திரும்பி முன்னாடி இருக்கற சின்ன பேரிங் மேல விழும், அது தேஞ்சிருந்தா அங்கதான் கத்தும். அதுவும் சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள பினியன் ஆறு ஏழு சுத்து சுத்துது, அதான் பெரும்பாலும் மொதல்ல போறது அந்த பேரிங்கா இருக்கு.

இந்த எடத்துல நான் கொஞ்சம் சீன் போட்டேன். கால்கரியில இருந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்னு கொண்டு வந்திருந்தேன், வண்டிய சேந்தமங்கலம் வரை ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து ஜாயின்ட் மாட்டற ஃபிளாஞ்சுல அடிச்சா 48 டிகிரி காட்டுது. ஒன்னும் இல்லையேன்னேன். பிட்டர் டிஃபரென்ஷியல மூடுன ஹவுசிங்கோட மூக்குல கைய வெச்சு வெடுக்குனு எடுத்தாரு. "பளபளன்னு இருக்கற எடத்துல அடிச்சா அது பொய் சொல்லுமுங்க, அழுக்கு ஒட்டுன எடத்துல அடிங்க." ரெண்டு விரக்கட தள்ளி கிரீஸ் மண்ணு அப்பின எடத்துல அடிச்சா 96. பளபளப்பான இரும்பு வெப்பத்த சரியா வெளிய விடாது, அதான் அந்த மீட்டர் ஏமாறும்னு நானும் எங்கயோ படிச்சதுதான், ஆனா அங்க அவருதான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்துச்சு.

ஆயில் இறக்குனாங்க. பத்து லிட்டர் பக்கம் இருக்க வேண்டியது ஆறுதான் வந்துச்சு, வெயில்ல புடிச்சு பாத்தா கறுப்புக்குள்ள ஜிகினா தூவுன மாதிரி மினுங்குது. டிரெயின் பிளக் காந்தத்துல சாம்பல் கலர்ல மாவு மாதிரி ஒட்டியிருந்தா பயம் இல்ல, எந்த வண்டியிலயும் இருக்கும். இதுல நகம் கிள்ளிப் போட்ட மாதிரி சில்லு நாலஞ்சு இருந்துச்சு. ஆக்ஸில் ரெண்டும் உருவி, ஜாயின்ட் கழட்டி, டிஃபரென்ஷியல மொத்தமா செயின் பிளாக்குல தொங்கவிட்டு வெளிய எடுத்தப்ப மணி மத்தியானம் மூணு. முன்னாடி பேரிங் ரோலர் எல்லாம் குழி விழுந்து, ரேஸு (ரோலர் ஓடற வளையம்) சூட்டுல நீலம் பூத்து போயிருந்துச்சு.

ஏன் போச்சுன்னு பாத்தா, ஹவுசிங் மேல காத்து போக ஒரு பிரீத்தர் இருக்கும், குட்டி தொப்பி மாதிரி, அது தவிடும் மண்ணும் கிரீஸும் சேந்து கல்லா அடைச்சு போயிருக்கு. உள்ள சூடான காத்துக்கு வழியில்லாம அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆயில வெளிய தள்ளியிருக்கு, ஆயில் இறங்குனதும் உசரத்துல இருக்கற முன்னாடி பேரிங் காஞ்சு போச்சு. மாமா சீல் கசியுதுன்னு ரெண்டு தடவ சீல் மாத்தியிருக்காரு, அந்த தொப்பிய ஒருத்தனும் தொடல. பிட்டர் அத மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு ஊதி மாமா கையில குடுத்தாரு, ஒன்னும் பேசல.

கிரௌன் பல்லும் பினியன் பல்லும் நல்லா இருந்துச்சு. பக்கத்துல நின்னவரு ஒருத்தர் பினியன மட்டும் புதுசா போட்டுருங்கன்னாரு, பிட்டர் சிரிச்சுட்டாரு. ரெண்டும் ஃபேக்டரியில ஒன்னோட ஒன்னு உரசி ஜோடியா வர்றது, ரெண்டுலயும் ஒரே நம்பர் அடிச்சிருக்கும், பிரிச்சா ஆயுசுக்கும் ஊளைதான். அதனால பினியன் பேரிங், சைடு பேரிங், சீல் மட்டும் மாத்தறதுன்னு முடிவாச்சு. ஸ்பேர்ஸ் கடையில பேரிங் டப்பாவ பிரிச்சு விளிம்புல இருக்கற எழுத்த நகத்தால தேச்சு பாத்துட்டுதான் வாங்குனாரு, மொத கடை மாலு அவருக்கு புடிக்கல, டூப்ளிகேட்டாம், எழுந்து வந்துட்டாரு. ஃபிளாஞ்சுல சீல் உக்கார்ற எடத்துல நகம் மாட்டற அளவுக்கு கோடு விழுந்திருந்துச்சு, அப்படியே மாட்டினா புது சீலும் ஒழுகும், லேத்துல குடுத்து மேல ஸ்லீவ் (மெல்லிசு உறை) ஏத்தணும். அங்கதான் மாட்டிக்கிட்டோம், மறுநாள் பொங்கல் லீவு, லேத்து பூட்டு, அதுக்கடுத்த நாளும் ஆள் வரல. ரெண்டு நாள் வண்டி ஆக்ஸில் இல்லாம நின்னுச்சு. பொங்கல் வாரத்துல வேலை வெச்சது எங்க தப்பு.

செட்டிங் நாள் நான் காலையிலயே போயிட்டேன். பினியன் எவ்ளோ இறுக்கமா சுத்தணும்னு பாக்க பினியன் பேரிங் உக்கார்ற கூட்டுல நூல சுத்தி மீன் எடை போடுற ஸ்பிரிங் தராச கொக்கியில மாட்டி மெதுவா இழுக்கறாரு, கிலோ கணக்கு அவரு மண்டையிலயே இருக்கு, வரலன்னா கழட்டி பேரிங் நடுவுல இருக்கற ஸ்பேசர் வளையத்த மாத்தறாரு. நாலு தடவ கழட்டி மாட்டினாரு. கிரௌனுக்கு டயல் கேஜ் (நுணுக்கமா ஆட்டம் அளக்கற முள்ளு மீட்டர்) வெச்சு ஆட்டிப் பாத்து பல்லுக்கு நடுவுல 0.3 மில்லிமீட்டர் பிளே வெச்சாரு, அந்த கேஜ் முள்ளு மாட்டி மாட்டி நிக்குது, ஒவ்வொரு தடவையும் விரலால தட்டணும். அப்புறம் பல்லுல நீலம் தடவி சுத்த விட்டு தடம் எங்க விழுதுன்னு பாத்தாரு, மொத தடவ பல்லோட அடியில விழுந்துச்சு, ஷிம் (மெல்லிசு தகடு) ஏத்துனதும் நடுவுல வந்துருச்சு. கால்கரியிலயும் இதேதான் செய்யணும்னு புக்குல இருக்கு, செஞ்சு நான் பாத்ததில்ல.

புடிக்காதது சொல்றேன். ஜாக்கி வெச்சதுக்கு அப்புறம் ஸ்டாண்டு கிடையாது, தென்னங்கட்ட ரெண்டு, அடியில செருப்பு மட்டும் போட்ட பையன். பையன வெளிய இழுத்துட்டு இன்னும் ரெண்டு கட்டை வாங்கி வெக்க வெச்சேன், பிட்டருக்கு மூஞ்சி சுண்டுச்சு. கிரௌன் போல்ட்ட பைப்பு போட்டு ஆள் பலத்துல இறுக்க போனாரு, நான் விடல, மோகனூர் ரோட்டுல இன்னொரு பட்டறையில இறுக்கத்த அளந்து காட்டற டார்க் ஸ்பேனர் இரவல் வாங்கி வந்தோம், அதுக்கு ஒரு மணி நேரம் போச்சு. இறக்குன பழைய ஆயில ஒருத்தர் டின்னுல வாங்கிட்டு போனாரு, சென்ட்ரிங் பலகைக்கு தடவவாம்.

பில்லு: பேரிங் எல்லாம் 17,800, சீலும் பேஸ்ட்டும் 1,150, ஜிஎல்-5 கியர் ஆயில் பத்து லிட்டர் 3,300, லேத்து 800, கூலி 5,000. மொத்தம் 28,050. யூபிஐ ஸ்கேன் பண்ண என் கெனடா நம்பர் வேலை செய்யல, மாமாதான் போட்டாரு.

லோடு இல்லாம காரவள்ளி வரைக்கும் ஓட்டிட்டு வந்தோம், மூக்குல 62 டிகிரி, அழுக்கு எடத்துலதான் அடிச்சேன். ஆனா சமதரையில இந்த சத்தம் எப்பவுமே கம்மி, அதனால எனக்கு நம்பிக்கை வரல. நான் கால்கரி வந்து நாலாம் நாள் ராத்திரி மாமா வீடியோ கால், தொப்பூர் இறக்கம், கிளீனர் பையன் போன கேபின் தரையோரம் புடிச்சிருக்கான். "கால எடுத்துட்டேன் மாப்ள, கேக்குதா?" எக்ஸாஸ்ட் பிரேக் புஸ்ஸுன்னுச்சு, பின்னாடி எவனோ ஹாரன் அடிச்சான். வேற ஒன்னும் கேக்கல.

பிட்டர் அடுத்த தடவ வரும்போது நல்ல டயல் கேஜ் ஒன்னு, காந்த ஸ்டாண்டோட, வாங்கிட்டு வர சொல்லியிருக்காரு, காசு குடுத்துருவாராம். தெர்மாமீட்டர அங்கயே விட்டுட்டு வந்தேன், பையன் அத வெச்சு டீ சூடு பாத்துட்டு இருக்கானாம்.