வணிகக் காப்பீட்டு புரோக்கர் பயிற்சி: பாலிசியை வாசிக்கக் கற்றுத்தருகிறார்கள், கிளெய்ம் பக்கம் கைவிட்டுவிடுகிறார்கள்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. வணிகக் காப்பீட்டு புரோக்கராக வர நினைப்பவர்களுக்கான ஓர் இணையவழிப் பயிற்சி இது, முழுவதும் முடித்துவிட்டேன், அந்த மூன்றரையில் பெரும்பங்கு ஒரே ஒரு பகுதிக்குப் போகிறது. நடத்தும் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. யார் நடத்தினாலும் இதுபோன்ற ஒரு பயிற்சியில் என்ன இருக்க வேண்டும், என்ன இல்லாவிட்டால் பணம் வீண் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் தனிநபர் பாலிசி விற்கும் ஏஜென்டாக இருந்து இந்தப் பக்கம் வந்தவன். விற்கத் தெரியும் என்பதால் பாதி வேலை தெரியும் என்று பலர் என்னிடம் சொன்னார்கள், அது சரியில்லை. ஏஜென்ட் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள். புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள், ஒரு தொழிற்சாலைக்காகவோ கப்பல் சரக்குக்காகவோ சந்தைக்குப் போய், அபாயத்தை ஏற்பதா, என்ன விலைக்கு என்று காப்பீட்டு நிறுவனத்தில் முடிவெடுக்கும் பல அண்டர்ரைட்டர்களிடம் பேசி, நிபந்தனைகளை வாங்கிக்கொண்டு வருபவர். ஆனால் அவருடைய கமிஷன் பெரும்பாலும் பிரீமியத்திலிருந்து, அதாவது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. இந்த முரணை முதல் வகுப்பிலேயே மேசைமேல் வைத்து, கமிஷனா, வாடிக்கையாளரிடம் நேரடிக் கட்டணமா, எதை எப்படி வெளிப்படையாகச் சொல்வது என்று பேசியது எனக்கு மிகவும் பிடித்தது. நிறையப் பேர் இதைத் தொடவே மாட்டார்கள்.

வரலாறும் சட்டமும் சேர்ந்த பகுதி சுமார்தான். 1688 வாக்கில் லண்டனில் எட்வர்ட் லாய்டு நடத்திய காபிக் கடையில் கப்பல்காரர்கள் கூடியதிலிருந்து தொடங்குகிறார்கள், சரி. அப்புறம் 1766இன் கார்ட்டர் எதிர் போம் வழக்கு. வாடிக்கையாளர் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற கொள்கையை மான்ஸ்ஃபீல்டு பிரபு அதில்தான் விளக்கினார் என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள். வழக்கில் வென்றவர் கார்ட்டர், அதாவது காப்பீடு எடுத்தவர், என்பதைச் சொல்லவே இல்லை! சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்ததற்கான இழப்பு அது. அண்டர்ரைட்டருக்குத் தானாகவே தெரிந்திருக்க வேண்டிய விஷயத்தை வாடிக்கையாளர் சொல்லவில்லை என்று பின்னால் வந்து குறை சொல்ல முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. புரோக்கருக்கு இந்த இரண்டாவது பாதிதான் ஆயுதம். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் அபாயத்தை நியாயமாக எடுத்துவைக்கும் கடமை என்று இந்த மறைக்காமல் சொல்லும் கொள்கையை மாற்றியமைத்ததையும் ஒற்றை வரியில் தாண்டிவிட்டார்கள்.

இனி அந்த நல்ல பகுதி. பாலிசி வாசிப்பு.

ஒரு முழு பாலிசியை, அட்டவணையிலிருந்து கடைசி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கப்படும் திருத்தம்) வரை, கையில் கொடுத்து, இப்படி ஒரு விபத்து நடந்தது, பணம் வருமா வராதா, எந்த வரியால் என்று கேட்கிறார்கள். பதில் சொன்னால் போதாது, வரியைக் காட்ட வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் இந்த வேலையில் ஒருவருக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது என்றால் இங்கிருந்துதான். வாடிக்கையாளர் பாலிசியைப் படிக்க மாட்டார், அவருடைய கணக்காளரும் படிக்க மாட்டார், படித்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதற்காகவே உங்களை அழைக்கிறார்.

அதில் வந்த ஆவரேஜ் விதிப் பயிற்சியை நான் யாரிடமும் எடுத்துச் சொல்லத் தயார். சொத்தின் உண்மையான மதிப்பு நூறு, பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று அறுபதுக்கு மட்டும் காப்பீடு. தீ விபத்தில் இருபது போய்விட்டது. அறுபது இருக்கிறதே, இருபது வந்துவிடும் என்று வாடிக்கையாளர் நினைப்பார். வருவது பன்னிரண்டு. மீதி நாற்பது சதவீதத்துக்கு அவரே தனக்குக் காப்பீட்டாளர் ஆகிவிட்டார் என்று கணக்கு. பாலிசி எடுக்கும் நாளில் புரோக்கர் இதைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த நாளில் சொல்லி ஒரு பயனும் இல்லை.

தொழில் முடங்கினால் வருமான இழப்பை ஈடுகட்டும் பிசினஸ் இன்டரப்ஷன் பாலிசிக்கும் இதே உழைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். கணக்காளர் சொல்லும் மொத்த லாபமும் பாலிசி சொல்லும் மொத்த லாபமும் ஒன்றல்ல. கணக்காளர் பொதுவாக உற்பத்தித் தொழிலாளர் கூலியைக் கழித்துவிட்டுத்தான் லாபத்தைப் போடுவார். பாலிசியிலோ, விற்பனை நின்றால் தானாக நிற்கும் செலவுகளை, மூலப்பொருள் போன்றவற்றை மட்டும்தான் வழக்கமாகக் கழிப்பார்கள். ஆலை எரிந்தாலும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டுமே. கணக்காளரின் எண்ணை அப்படியே எடுத்து எழுதினால் காப்பீட்டுத் தொகை குறைந்துபோய், மேலே சொன்ன ஆவரேஜ் வந்து மறுபடியும் வெட்டும். இழப்பீட்டுக் காலத்திலும், அதாவது வருமான இழப்புக்கு அதிகபட்சம் எத்தனை மாதம் பணம் வரும் என்பதிலும், அதே கதைதான்: பன்னிரண்டு மாதம் என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள், ஆனால் கட்டட அனுமதி வாங்கி, கட்டி, ஆர்டர் கொடுத்த எந்திரம் வந்து, விட்டுப்போன வாடிக்கையாளர்களைத் திரும்பப் பிடிப்பதற்குள் அது எப்போதோ முடிந்திருக்கும்.

கொரோனா காலத்தில் இந்த வகை பாலிசிகளில் எழுந்த சண்டையையும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2021 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, நோய் பற்றிய உட்பிரிவு எப்படி எழுதப்பட்டிருந்தது, எத்தனை மைல் சுற்றளவு என்று இருந்தது என்பதையெல்லாம் வரி வரியாகப் பார்த்தது, காப்பீடு எடுத்தவர்களுக்குப் பெரிய அளவில் சாதகமாகவும் முடிந்தது. சைபர் பகுதியில் 2017இன் நாட்பெட்யா என்ற கணினித் தீநிரல் தாக்குதல் வருகிறது. மெர்க் மருந்து நிறுவனத்தின் சொத்துக் காப்பீட்டில் இருந்த, போரால் வரும் இழப்புக்குப் பணம் இல்லை என்ற விதிவிலக்கு அந்தத் தாக்குதலுக்குப் பொருந்தாது என்று 2023இல் நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இவற்றைப் படிக்கும்போதுதான் ஒரு சொல்லுக்குள் எவ்வளவு பணம் உட்கார்ந்திருக்கிறது என்பது உறைக்கிறது.

பிறருக்கு நாம் ஏற்படுத்தும் இழப்புக்கான பொறுப்புக் காப்பீட்டில், கிளெய்ம் எழுப்பப்படும் ஆண்டின் பாலிசிதான் பதில் சொல்லும் என்ற வகையைப் பற்றி ஒரு நல்ல எச்சரிக்கை இருக்கிறது. பிரீமியம் குறைவு என்று வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது பழைய ரெட்ரோ தேதி, அதாவது எந்த நாளிலிருந்து செய்த வேலைகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்ற தேதி, தொடர்கிறதா என்று பார்க்காவிட்டால், முன்பு செய்த வேலைகளுக்கெல்லாம் பாதுகாப்பு ஒரே நாளில் போய்விடும். புதிய புரோக்கர்கள் வாடிக்கையாளரைப் பிடிக்கிற வேகத்தில் இதில்தான் விழுகிறார்கள்.

அண்டர்ரைட்டருக்கு விவரம் எழுதும் பகுதியும் உருப்படி. கட்டடம் எதனால் ஆனது, உள்ளே என்ன நடக்கிறது, தீயணைப்பு ஏற்பாடு என்ன, அக்கம்பக்கத்தில் என்ன ஆபத்து என்ற நான்கையும், கடந்த ஆண்டுகளின் இழப்புக் கணக்கையும் ஒழுங்காக எழுதி அனுப்பினால் பதில் விரைவாகவும் நல்லதாகவும் வருகிறது. பழைய இழப்பை ஒளிக்காமல், அதற்குப் பிறகு என்ன சரிசெய்தார்கள் என்று சேர்த்து எழுதச் சொல்லித் தருகிறார்கள். அருமையான பழக்கம். அண்டர்ரைட்டர் உங்கள் பெயரைப் பார்த்ததும் கோப்பைத் திறக்க வேண்டும், அந்த நம்பிக்கை சேரச் சில ஆண்டுகள் ஆகும், வேறு வழி கிடையாது.

இப்போது ஏமாற்றங்கள். விற்பனை வகுப்புகள் எந்தத் துறைக்கும் பொருந்தும் பொதுப் பேச்சு. தினமும் இத்தனை பேரை அழையுங்கள், மறுப்புக்கு இப்படிப் பதில் சொல்லுங்கள், அவ்வளவுதான். வணிகப் பக்கத்தில் வாடிக்கையாளர் கிடைப்பது பெரும்பாலும் ஒரு துறையைத் தெரிந்துவைத்திருப்பதால். குளிர்பதனக் கிடங்குகளையோ கட்டுமான ஒப்பந்தக்காரர்களையோ பிடித்துக்கொண்டு, அவர்களுடைய எந்திரம், ஒப்பந்தம், விபத்து எல்லாம் தெரிந்த ஆளாக நீங்கள் மாறினால் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார். அது நடக்கும்வரை, பெரிய அனுபவசாலியின் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் உள்வேலையில் இருப்பது நல்லது. ரினியூவல் எப்படி ஓடுகிறது என்று அங்கேதான் தெரியும், வருமானம் நிலைப்பதும் ஆண்டுதோறும் திரும்பிவரும் அந்த ரினியூவல்களால்தான். இந்த உள்வேலையைப் பயிற்சியில் ஏதோ குறைந்த படிபோலப் பேசியது எனக்கு வருத்தம்.

கிளெய்ம் பகுதிதான் பெரிய ஓட்டை. ஒரு சிறிய காணொளி, ஒரு படிவம், முடிந்தது. இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வரும்முன் இடிபாடுகளை அகற்றலாமா, மேலும் சேதமாகாமல் தடுக்கும் செலவு யாருடையது, முன்பணம் எப்போது கேட்பது, நிறுவனம் முதலில் அனுப்பும் மறுப்புக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது, ஒன்றும் இல்லை. வாடிக்கையாளருக்குப் புரோக்கரின் மதிப்பு தெரிவதே அந்த வாரத்தில்தான். இதைப் பற்றிப் பயிற்சியாளரிடம் எழுதிக் கேட்டேன், வேலையில் சேர்ந்ததும் பழகிவிடும் என்று பதில் வந்தது. எரிந்துபோன கிடங்கின் முன்னால் ஒரு முதலாளி நிற்கும்போது பழகிக்கொள்ள ஏது நேரம்?

இன்னொன்று, பேசியதை எழுதிவைக்கும் பழக்கம். வேண்டாம் என்று வாடிக்கையாளர் மறுத்த பாதுகாப்பை, மறுத்தார் என்று மின்னஞ்சலில் உறுதிசெய்து கோப்பில் வைக்க வேண்டும். புரோக்கர்மீதே வழக்கு வரும் தொழில் இது. பயிற்சியில் இதற்கு ஓரிரு வாக்கியங்கள் மட்டும்.

ஏற்கெனவே புரோக்கர் நிறுவனத்தில் உதவியாளராக இருப்பவர்கள் தாராளமாகச் சேருங்கள், பாலிசி வாசிப்புக்காக மட்டுமே போதும். தனியாகத் தொடங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், முதலில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் கிளெய்ம் மேசையில் உட்கார இடம் கிடைக்குமா என்று பாருங்கள். பயிற்சி நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: முடிந்துபோன சில கிளெய்ம் கோப்புகளை, பெயர்களை நீக்கிவிட்டு, முதல் தொலைபேசி அழைப்பிலிருந்து காசோலை வரை வகுப்பில் வையுங்கள். அதைச் செய்தால் மறுபடியும் பணம் கட்டிச் சேர்கிறேன்.