தக்கலைப் படிப்பகத்தின் வரி விவாத அரங்கு: ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே ஒரு சிறிய படிப்பகம் மாதந்தோறும் ஞாயிறு மாலையில் விவாத அரங்கு ஒன்றை நடத்தி வருகிறது. வரிச்சுமையை யார், எந்த அளவில் ஏற்பது நியாயம் என்பதே இம்முறை எடுத்துக்கொண்ட பொருள். நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். சுக்குக் காப்பியும் பழம்பஜ்ஜியும் அதில் அடக்கம். கட்சிப் பெயரைச் சொல்லிவிட்டாலே வாதம் முடிந்துவிட்டதாகக் கருதும் தொலைக்காட்சி விவாதங்களில் சலித்துப்போனவர்களுக்கு இந்த அரங்கைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் இங்கே கடைப்பிடிக்கப்படும் ஒரு விதி. ஒரு வரியைக் குறைக்கச் சொல்பவர், அந்தப் பணம் வேறு யாரிடமிருந்து வரும் அல்லது எந்தச் செலவு நிற்கும் என்பதையும், ஒரு செலவைக் கூட்டச் சொல்பவர், எந்த வரியை யார் மீது உயர்த்துவது என்பதையும் அதே பேச்சில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்வரை நெறியாளர் அவரை விடுவதில்லை.

முதலில் பேசிய இடதுசாரிப் பேச்சாளர் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து தொடங்கினார். அரங்கில் எல்லோருக்கும் ஓர் உணவக ரசீதின் நகலும் ஒரு பெட்ரோல் பங்க் ரசீதின் நகலும் தரப்பட்டிருந்தன. உணவக ரசீதில் மத்திய அரசுக்கு 2.5 விழுக்காடும் மாநில அரசுக்கு 2.5 விழுக்காடும் தனித்தனியே அச்சாகியிருந்தன. பங்க் ரசீதிலோ வரி என்ற பேச்சே இல்லை. லிட்டருக்கு இவ்வளவு என்ற ஒரே தொகைக்குள் மத்திய கலால் வரியும் மாநில மதிப்புக் கூட்டு வரியும் மறைந்து கிடந்தன. முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண்ணும் பெரிய தோட்டத்தின் உரிமையாளரும் ஒரு லிட்டருக்கு ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள் என்பதை அந்த இரண்டு தாள்களை வைத்தே அவர் விளக்கினார். 1985-இல் மரணச் சொத்து வரியும் பெருஞ்சொத்து வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் கட்டிய செல்வ வரி 2015-இல் நீக்கப்பட்டதையும், 2019-இல் நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதையும் வரிசைப்படுத்தி, விட்டுக்கொடுத்த வருவாயை அங்கிருந்தே திரும்பப் பெற வேண்டும் என்று முடித்தார்.

அவருக்கு மறுமொழி சொன்ன சந்தைப் பொருளாதார ஆதரவாளரின் பேச்சே அன்றைய மாலையின் சிறந்த பகுதி என்பது என் மதிப்பீடு. அவர் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லாதபோதும் இதைச் சொல்கிறேன். 1973-74-இல் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 விழுக்காடாக இருந்தது என்றும், அவ்வளவு உயர்ந்த விகிதம் வருமானத்தை மறைக்கவே மக்களைத் தூண்டியது என்றும் அவர் சொன்னார். செல்வ வரியை நீக்கியபோது நாடு முழுவதிலும் அதன் ஓராண்டு வசூல் ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய்தான் என்பதையும், அதற்கு ஈடாக ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மீது 2 விழுக்காடு கூடுதல் மேல்வரி போடப்பட்டதையும் சுட்டிக்காட்டினார். குறைந்த வசூலுக்குக் காரணம் அந்த வரியின் இயல்பா, அதில் விடப்பட்ட ஓட்டைகளா என்று இடதுசாரிப் பேச்சாளர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு இருவரும் நேரம் எடுத்துக்கொண்டு, ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டாமல் விடை தேடியது நான் வேறெங்கும் அரிதாகவே காண்பது.

இராஜாஜியைப் பற்றிய ஒரு குறிப்பும் பயனுள்ளதாக இருந்தது. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும், 1959-இல் அரசின் கட்டுப்பாடுகளை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவரும் அவரே. ஆட்சியில் இருப்பவர் எந்தக் கொள்கையைப் பேசினாலும் வருவாய்க்கு வழி தேடியாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவின் பெயர் அரங்கில் பலமுறை ஒலித்தது. அவருடைய வாதம் ஒன்றையாவது யாரேனும் எடுத்துப் பேசியிருக்கலாம்.

பார்வையாளர் நேரத்தில் ஒரு ரப்பர் விவசாயி, வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்ற விலக்கில் தன்னைப் போன்ற சிறு விவசாயியையும் பெரிய எஸ்டேட்டையும் ஒன்றாக வைப்பது சரியா என்று கேட்டார். அந்த வரியை விதிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி மாநிலங்களிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நெறியாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இந்த மாவட்டத்துக்கு இதைவிட நெருங்கிய கேள்வி அன்று எழவில்லை; அதற்கு அரை மணி நேரமாவது கொடுத்திருக்க வேண்டும். மத்திய வரி வருவாயில் மாநிலங்களுக்குப் பகிரப்படும் 41 விழுக்காட்டில், குறிப்பிட்ட செலவுக்கென வசூலிக்கப்படும் செஸ்ஸும் மேல்வரியும் சேராது என்ற செய்தியும் கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரமாகச் சொல்லப்பட்டது.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. 1799-இல் திருவிதாங்கூரில் கட்டாய வசூலை எதிர்த்து மக்களைத் திரட்டிய வேலுத்தம்பி பிறந்த தலக்குளம் இங்கிருந்து தொலைவில் இல்லை. உழைக்கும் சாதிகள் மீது சுமத்தப்பட்ட வரிகளைக் கண்டித்த சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டரின் சாமித்தோப்பும் இதே மாவட்டம்தான். யார் மீது வரி விழுகிறது என்பது சாதியைப் பார்த்து முடிவான காலத்தை அறிந்த மண்ணில், நான்கு பேச்சாளர்களில் ஒருவர்கூட அதைத் தொடாததை என்னால் ஏற்க முடியவில்லை. மேடையில் பெண்களும் இல்லை. கேள்வி கேட்க எழுந்த ஒரே பெண்மணியிடம் நெறியாளர், "அக்கா, சுருக்கமாகக் கேளுங்கள்" என்றார். அவருக்கு முன் பேசிய ஆண்கள் எவரிடமும் அவர் அப்படிச் சொல்லவில்லை.

இருக்கைகள் நெருக்கமானவை, ஒலிபெருக்கி தெளிவானது, படிப்பகத்தின் பழைய நிதிநிலை அறிக்கைத் தொகுப்பை அரங்கு முடிந்த பிறகும் புரட்டிப் பார்க்க விடுகிறார்கள். அடுத்த மாதப் பொருள் சொத்து வரி. 2022-இல் வீட்டின் பரப்பளவைப் பொறுத்து வெவ்வேறு விகிதத்தில் அது உயர்த்தப்பட்டதை எல்லாத் தரப்பினரும் பேசுவார்கள் என அறிவித்திருக்கிறார்கள். போக விரும்புவோர் தங்கள் வீட்டின் பழைய ரசீதையும் புதிய ரசீதையும் கையோடு கொண்டு செல்லலாம்.