நியூரோஃபிலமென்ட்டா, கிரியேட்டினினா? மோட்டார் நியூரான் நோயில் எந்த ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும்

மோட்டார் நியூரான் நோயில் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் சிதைய, தசைகளும் மெலிந்துபோகும். நரம்பு இழை சிதையும்போது ரத்தத்தில் கசியும் புரதம் நியூரோஃபிலமென்ட் லைட். அளவு கூடுதலாக இருந்தால் நோய் வேகமாக நகர்கிறது, ஆயுள் குறையக்கூடும். நோயின் வேகத்தை அறிய மருத்துவர்களான நாங்கள் முதலில் நம்புவது இதைத்தான். மில்லிலிட்டருக்கு இத்தனை பைகோகிராம் என்று அளப்பதால் சாதாரண லேப் கருவிக்கு எட்டாது. முதுமை, சிறுநீரகக் கோளாறு, அண்மையில் வந்த பக்கவாதம் எல்லாமே இதை ஏற்றிவிடும். ஒருமுறை சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்), மறுமுறை பிளாஸ்மா (உறையவிடாமல் பிரித்த நீர்) என்று எடுத்தால் இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிட முடியாது. தொடக்கத்தில் ஏறி, பிறகு பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்கும். மாதாமாதம் பார்த்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

கிரியேட்டினின் புரதமல்ல, தசையிலிருந்து வரும் கழிவு. குடியாத்தத்து லேபிலேயே பார்த்துவிடலாம். இங்கே கணக்கு தலைகீழ்: டெசிலிட்டருக்கு 0.9 மி.கி. படிப்படியாக 0.5 ஆனால் "கிட்னி நன்றாக இருக்கிறது" என்று மகிழாதீர்கள், தசை கரைகிறது. முந்தின இரவு ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டாலும், வேலூர் வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலும் எண் ஏறி அந்த இழப்பை மறைக்கும். விழுங்கச் சிரமப்படுபவர் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார் என்பதால் இது அடிக்கடி நடக்கும்.

இந்த நோயிலேயே, இளவயதில் காது கேளாமையோடு வரும் மெட்ராஸ் வகை மெதுவாக நகர்வது. மேல்நாட்டு நோயாளிகளை வைத்து வகுத்த அளவுகளை இந்த வகை நோயாளிகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.