கஷ்டம் வந்தால் யாரிடம் போவது: ஐயரா, ஜெபக்கோபுரமா, வீட்டு ஜெபமா, மனநலக் கவுன்சிலரா?

சபையில் யாருக்காவது ஒரு பிரச்சினை என்றால் முதலில் வருகிற பதில் “ஜெபம் பண்ணுங்க”. அதில் தப்பே இல்லை, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கடன், கணவரின் குடி, மாமியாரோடு தினமும் சண்டை, தள்ளிக்கொண்டே போகும் மகளின் கல்யாணம், போன வேலை, வராத தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே வாசலில் போய் நிற்கிறோம். அங்கே வழி கிடைக்காதபோது “ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டார்” என்று உடைந்துபோகிறோம். ஆண்டவர் கைவிடவில்லை, நாம் தட்டிய கதவு அந்தப் பிரச்சினைக்கு உரியது இல்லை, அவ்வளவுதான். அதனால் நம் ஊரில் இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள், அந்தப் பக்கத்துப் பேச்சுதான் அதிகம் வரும். அங்கே ஐயர் என்றால் சபையின் போதகர்.

முதலில், காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற வாக்குத்தத்த வசனம். செலவில்லை, யாரிடமும் வாய் திறக்க வேண்டாம், சில நாள் அந்த ஒரு வரிதான் எழுந்து உட்கார வைக்கும். ஆனால் வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிச்சம். எல்லோருக்கும் வருகிற, உங்களுக்காக நான் நினைப்பது தீமை அல்ல, சமாதானமே என்று ஆண்டவர் சொல்கிற எரேமியா 29:11-ஐயே எடுங்கள். அது பாபிலோனில் சிறைப்பட்டு இருந்தவர்களுக்குப் போன கடிதம். அதற்கு முந்தைய வசனத்தில் 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது! அதற்கும் மேலே போனால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று இருக்கிறது. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டிய வழிகாட்டுதல் அந்த 5-ம், 6-ம் வசனங்களில்தான் இருக்கிறது, அட்டையில் அச்சடித்த 11-ல் மட்டும் இல்லை. வசனம் வந்தால் அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள், பத்து நிமிஷம் கூட ஆகாது.

அடுத்து போன் ஜெபம். சென்னையில் இயேசு அழைக்கிறார் ஜெபக்கோபுரம் போல 24 மணி நேரமும் எடுக்கிற இடங்கள் இருக்கின்றன. பெயர், ஊர், என்ன தேவை என்று கேட்பார்கள், கேட்டுவிட்டு நம் பெயரைச் சொல்லியே ஜெபிப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கிறபோது முகம் தெரியாத ஒருவர் நம் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் கேட்பது சின்ன விஷயம் இல்லை. நம் தெருவில் யாருக்கும் தெரியவும் தெரியாது. குறை என்னவென்றால், அடுத்த வாரம் கூப்பிட்டால் வேறு ஒருவர் எடுப்பார், கதையை மறுபடி முதலில் இருந்து சொல்ல வேண்டும். ஆறுதலுக்கு நல்ல இடம்தான். சொத்துத் தகராறில் என்ன முடிவெடுப்பது என்று கேட்கிற இடம் அது இல்லை.

ஐயர் விஷயத்துக்கு வருவோம். குடும்பச் சண்டைக்கு இன்றும் நல்ல வழி அவர்தான், ஏனென்றால் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைக்கிற அதிகாரம் அவருக்கு இருக்கிறது. ஆனால் நேரம் இல்லை. பெரிய சேகரம் (ஒரு ஐயரின் பொறுப்பில் இருக்கிற சபைகள்) என்றால் பல ஊர்கள் அவர் தலையில்தான். வீடு சந்திக்க வருவார், நாம் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் கூட வந்த சபை உதவியாளர், உபதேசியார், கடிகாரத்தைப் பார்ப்பார், ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம், செருப்பு போட்டாச்சு. சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நிற்கும். அதனால் ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்குகிறபோது பிரச்சினையைச் சொல்லாதீர்கள், “உங்ககிட்ட ஒரு மணி நேரம் தனியா பேசணும், எப்ப வரட்டும் ஐயா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இன்னொன்று, சில வருஷத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிடும். ஐயரம்மாவிடம் பேசுவது பெண்களுக்கு இன்னும் எளிது.

எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத தனிச் சபைகளின் பாஸ்டர்கள் இதற்கு நேர்மாறு. இருபது வருஷமாக ஒரே இடத்தில் இருப்பார், உங்கள் பிள்ளை பிறந்ததிலிருந்து தெரியும், ராத்திரியில் கூப்பிட்டாலும் வருவார். ஆனால் அவர் தவறாகச் சொன்னால் மேலே போய்க் கேட்க ஆள் இல்லை. சி.எஸ்.ஐ.யில் கமிட்டி உண்டு, பேராயர் உண்டு (அங்கேயும் அரசியல் இருக்கிறது, அது வேறு கதை). “இந்த வரன்தான் உனக்கு என்று ஆண்டவர் சொன்னார்”, “அந்த நிலத்தை விற்றுவிடு” என்று தீர்க்கதரிசனமாக வருகிறபோது பயப்படாமல் நேரம் கேளுங்கள். ஆண்டவர் சொன்னது ஒரு மாதம் கழித்தும் மாறாது.

ரகசியம் என்று வந்தால் கத்தோலிக்கர்கள் நம்மைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவத்தை அறிக்கையிடுகிறபோது, கேட்டதைச் சாமியார் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் 983 சொல்கிறது. மீறினால் தண்டனையும் கடுமை. நம் பக்கத்தில் பெரும்பாலும் அந்த மனிதரின் நாணயம்தான் பாதுகாப்பு. ஆனால் ஈஸ்டருக்கு முன் நீளமான வரிசையில் நின்று ஆலோசனை கேட்க முடியாது, அதற்குத் தனியாகத்தான் பங்குத்தந்தையைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வீட்டில் கூடுகிற வீட்டு ஜெபம், கத்தோலிக்கர் பக்கத்தில் அதற்கு அன்பியம் என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், மிகவும் பயப்படுவதும் இதற்குத்தான். ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்குப் படுக்க ஆள் வருவது இங்கிருந்துதான், பிள்ளையின் பீஸுக்குப் பணம் புரள்வதும் இங்கிருந்துதான். அடுத்த வெள்ளிக்கிழமை “என்னக்கா, அந்த விஷயம் என்னாச்சு?” என்று மறக்காமல் கேட்கிறவர்கள் இவர்கள் மட்டும்தான். ஆனால் “பெயர் வேண்டாம், நம்ம தெருவுல ஒரு குடும்பம், மூத்த பிள்ளை காரியமா ஜெபிச்சுக்குவோம்” என்று ஒருவர் சொன்னால் போதும், கண்ணை மூடுவதற்குள் அது யார் வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கூட்டத்தில் சொல்ல வேண்டியதை மட்டும் கூட்டத்தில் சொல்லுங்கள். மீதியைச் சொல்ல, அந்தக் கூட்டத்திலேயே வாய் காக்கத் தெரிந்த ஒரு மூத்த அக்காவை, அண்ணனைத் தேடிப் பிடியுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அந்த ஒருவர் அதிகம் உதவுவார் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது கவுன்சிலர், மனநல மருத்துவர். விசுவாசம் குறைந்தவர்கள்தான் அங்கே போவார்கள் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) பாகாயம் மனநல மையம் 1957-ல் தொடங்கியது, தொடங்கியவர்கள் நம் ஆட்கள்தான்! 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவர் சாப்பிட்டுத் தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை செய்யும் மனசு எதுவும் இல்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், ஐயரிடமும் போங்கள். பணம் இல்லையா, 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், 2022 முதல் இருக்கிறது, இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், மாத்திரையைத் தொடருங்கள். நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் முடிவு.

குடிக்கும் இதே கதைதான். ரொம்ப நாளாகத் தினமும் நிறையக் குடித்தவரை உபவாச ஜெபத்தில் உட்கார வைத்து ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஆஸ்பத்திரி. சென்னையில் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. அப்புறம் ஏ.ஏ. கூட்டங்கள், குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற இடம், கட்டணம் கிடையாது. மனைவிமாருக்கு அதே மாதிரி அல்-அனான் கூட்டம் உண்டு. ஜெபம் இதற்கு முன்னும் பின்னும் நடுவிலும் இருக்கட்டும்.

கடனுக்கு நான் ஐயரிடம் போகச் சொல்ல மாட்டேன். சபையில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், கணக்கு வாத்தியார் யாராவது இருப்பார்கள், வட்டிக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். இன்னொருவருக்கு ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு நீதிமொழிகள் 6-ன் முதல் ஐந்து வசனங்கள் அப்படியே பொருந்தும். போய்க் கெஞ்சு, தூங்காதே, எப்படியாவது தப்பித்துக்கொள் என்கிறது. இதைப் பிரசங்கத்தில் கேட்டு எவ்வளவு நாளாகிறது!

கடைசியாக, கணவர் அடிக்கிறார் என்றால் மேலே சொன்ன வரிசை எதுவும் பொருந்தாது. “பொறுத்துப் போம்மா, ஜெபத்துல ஜெயிக்கலாம்” என்ற ஆலோசனையை எந்த வாசலில் கேட்டாலும் அங்கே உட்கார்ந்திருக்காதீர்கள். பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கோ தெரிந்த அக்கா வீட்டுக்கோ போங்கள், பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். ஐயர் சமாதானம் பேசுவதாக இருந்தால் அங்கே வந்து பேசட்டும்.