எட்டு என்று சொல்லிப் பத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்

டார்கெட் ரைஃபிளுக்குப் புது பேரல் (குழல்) வாங்கப் போகிறவர்கள் காசைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். குண்டைச் சுழற்றிவிட பேரலின் உள்ளே வரிகள் முறுக்கி ஓடும். எத்தனை அங்குலத்துக்கு அவை ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதுதான் ட்விஸ்ட், எண் குறைந்தால் சுழற்சி வேகம் கூடும். பில்லில் ட்விஸ்ட் எட்டு என்று இருந்தது. கைக்கு வந்தது பத்து. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சீசன் முழுக்கப் போனது. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை.

நான் 300 மீட்டரில் படுத்துச் சுடுகிறவன். அந்த டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். 6 எம்எம் பி.ஆர். என்ற தோட்டாவுக்கான சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), 105 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) நீளக் குண்டு. பழைய பேரலின் த்ரோட் (சேம்பரை அடுத்து வரி தொடங்கும் இடம்) அரித்துப்போனதால் புதிது தேடினேன். ஒரு விற்பனையாளர் சிக்கினார் (சிக்கியது நான்தான் என்பது பிறகு தெரிந்தது). புத்தம் புதுசு, உள்ளே கையால் லேப் செய்தது (தேய்த்து மெருகேற்றியது), 28 அங்குல நீளம், எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று, உங்கள் ஆக்‌ஷனுக்கு (பேரலை மாட்டும் இயங்குபகுதி) மரை போட்டு, சேம்பர் வெட்டித் தருகிறோம் என்றார். கூடவே சுட்டுக் காட்டிய பேப்பர் ஒன்று. மூன்று ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஓட்டையாகத் தெரிந்தன. அதைப் பார்த்ததும் என் புத்தி வேலை செய்வதை நிறுத்திவிட்டது.

பார்சலைப் பிரித்து அளந்தால் நீளம் இருபத்தாறரைதான். போன் செய்தேன். "ஃபினிஷிங்கில் கொஞ்சம் சீவ வேண்டியிருந்தது சார், துல்லியத்துக்கும் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். இரண்டாவது பாதி ஓரளவு உண்மை. நீளம் கூடினால் வேகம்தான் கூடும். அந்தப் பாதி உண்மையை நம்பி முதல் பாதியைக் கேள்வி கேட்காமல் விட்டேன்.

சுட ஆரம்பித்தபின் வந்த தொல்லை விசித்திரமானது. மதிய வெயிலில் சுட்டால் பரவாயில்லை. குளிர்ந்த காலையில் சுட்டால் காரணமே இல்லாமல் எட்டு, ஏழு பாயிண்ட்தான். என் மூச்சைக் குறை சொன்னேன், ட்ரிகரைக் குறை சொன்னேன், ஸ்கோப் மவுன்ட்டைக் கழற்றி மாட்டினேன், பெட்டிங்கை (ஆக்‌ஷன் கட்டையில் பதியும் படுகை) புதிதாகப் போட்டேன். விற்பனையாளரோ முதலில் "இருநூறு குண்டு போனால் பேரல் பழகிவிடும்" என்றார், பிறகு பவுடரைக் குறை சொன்னார், அதற்கும் பிறகு என் தோள்பட்டையையே குறை சொன்னார். நன்றாகப் பூசி மெழுகுகிறவர்.

கடைசியில் ரேஞ்சில் கூடச் சுடும் ஒரு பெரியவர் என் பேப்பரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, பாயிண்ட்டை விடு. ஓட்டையைப் பாரு. முட்டை மாதிரி இருக்கே?"

ஆமாம், வட்டமாக இல்லை. குண்டு மூக்கை நேரே வைத்துப் போகாமல் லேசாகச் சாய்ந்து போயிருக்கிறது. சுழற்சி போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

குண்டு நீளமாக ஆக, அதை நிலையாக வைக்க வேகமான சுழற்சி வேண்டும். எடையை வைத்துப் பேசுவது வழக்கம், ஆனால் தீர்மானிப்பது நீளம்தான். கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1879லேயே இதற்கு ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார்: 150ஐக் குண்டின் விட்டத்தால் இரண்டு முறை பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் அங்குலத்தில். என் குண்டுக்கு விட்டம் 0.243, நீளம் சுமார் 1.2. விடை, அதாவது வேண்டிய ட்விஸ்ட், ஏறக்குறைய 7.4. அந்தக் கணக்கு கொஞ்சம் கறாரானது, நடைமுறையில் இந்தக் குண்டுக்கு எட்டு போதும். பத்து என்பது விளிம்பில் நிற்கிற நிலை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குண்டைக் கூடுதலாகத் தடுமாற வைக்கும். காலையில் ஏழு விழுந்ததன் காரணம் இதுதான். நான் என் நரம்புகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே அளந்தோம். கைப்பிடியில் பேரிங் உள்ள, தானாகச் சுழலும் கிளீனிங் ராட் போதும். இறுக்கமான துணியைச் சுற்றி, காலியான பேரலுக்குள் கொஞ்சம் தள்ளி, ராடின் மேல் ஒரு டேப் துண்டைக் கொடிபோல ஒட்டி, அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தள்ளுங்கள். கொடி ஒரு முழுச் சுற்று சுற்றி அதே நிலைக்கு வரும்போது ராட் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறதோ அதுதான் ட்விஸ்ட். துணி வழுக்கினால் கணக்குத் தப்பும், அதனால் மூன்று முறை. எங்களுக்கு மூன்று முறையும் பத்தை ஒட்டியே வந்தது. ஐந்து நிமிட வேலை. தானமாய் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்கியதைப் பார்க்காமல் விட்டது முழுக்க என் தப்பு.

சந்தேகம் வந்ததும் போர்ஸ்கோப்பையும் (குழலுக்குள் பார்க்கும் கருவி) விட்டுப் பார்த்தோம். லேப் செய்த பேரலில் மெல்லிய கீறல்கள் குழலின் நீளவாக்கில் ஓடும். இதில் குறுக்கே ரீமர் (துளையைச் சீராக்கும் வெட்டுக்கருவி) விட்ட கீறல்கள் அப்படியே இருந்தன. அது கூடப் போகட்டும். த்ரோட்டைத் தாண்டிச் சில அங்குலம் வரை, வறண்ட ஏரி மண் போல வெடிப்புகள். சூட்டில் வரும் வெடிப்பு அது. நான் சுட்டிருந்த நூற்றைம்பது குண்டுகளுக்கு அந்த அளவு வர வழியே இல்லை. யாரோ சுட்டு ஓய்ந்த பேரலின் பின்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகச் சேம்பர் போட்டிருக்கிறார்கள். காணாமல் போன ஒன்றரை அங்குலம் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது.

படங்களை அனுப்பினேன். "சுட்ட பேரலைத் திரும்ப எடுப்பதில்லை, விதிமுறையில் இருக்கிறது" என்று ஒரே வரி பதில். இருக்கிறதுதான், நான்தான் படிக்கவில்லை. அந்த மூன்று ஓட்டைப் பேப்பர் எந்தக் குண்டில் சுட்டது என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து வந்தது: 68 கிரெய்ன், 100 மீட்டர். குட்டைக் குண்டு, பத்து ட்விஸ்ட்டில் சுகமாகப் போகும். போதாக்குறைக்கு மூன்றே மூன்று ஷாட். மூன்று ஷாட் குரூப் யாருக்கும் எப்போதாவது அதிர்ஷ்டத்தில் விழும். பத்து ஷாட், நீங்கள் சுடப்போகும் அதே குண்டில், என்று கேளுங்கள். தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

பேரல் செய்யும்போது வரியை வெட்டினார்களா, பட்டனால் அழுத்தினார்களா என்ற நித்தியச் சண்டையில் நான் இறங்கவில்லை. இரண்டிலும் அருமையாகச் சுடுகிற பேரல்கள் உண்டு. ஆனால் ட்விஸ்ட், நீளம், புதுசா பழசா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள், கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) கையில் கொடுப்பதற்கு முன் ராட் விட்டு அளந்துவிடுங்கள், ஒரு குண்டு கூடச் சுடாதீர்கள்.

பணம் திரும்பவில்லை. வேறு இடத்தில் வாங்கிய பேரலை அளந்தேன், எட்டு. அதில்தான் இப்போது சுடுகிறேன். அந்தப் பத்து ட்விஸ்ட் பேரலை வீசவும் மனசில்லை. போன வாரம் சும்மா 68 கிரெய்ன் குண்டு போட்டு 100 மீட்டரில் சுட்டுப் பார்த்தேன். சண்டாளன், ஓட்டை மேல் ஓட்டையாகப் போடுகிறது.