படத்தைப் பார்த்து "நாட்டு விதை" வாங்கி ஏமாந்த கதை

வீட்டுத்தோட்டத்துக்கு விதை வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு ஒரு பருவம் முழுசாகப் போய்விட்டது.

ஆன்லைனில் ஒருவர் 12 காய்கறி விதைகளைச் சேர்த்து விற்றார். "சுத்தமான நாட்டு விதை, ரசாயனமே கிடையாது, எந்த மாதமும் போடலாம், தொட்டியிலும் காய்க்கும்." எந்த மாதமும் என்ற இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். படத்தில் தக்காளி குலைகுலையாகத் தொங்கியதால் மயங்கிவிட்டேன்.

வந்தவை சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்கள். மேலே பேனாவால் தக்காளி, அவரை, சுரை என்று காயின் பெயர், அவ்வளவுதான். என்ன ரகம், எப்போது பேக் செய்தது, முளைப்புத்திறன் எவ்வளவு, எதுவுமே இல்லை. வெள்ளரி விதையைக் கையில் கொட்டினால் பளீரென்று ரோஸ் நிறம். ஈர விரலில் சாயம் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி கலந்து நேர்த்தி செய்த விதைக்குத்தான், யாரும் தவறிச் சாப்பிட்டுவிடக் கூடாதென்று இப்படிச் சாயம் ஏற்றுவார்கள். ரசாயனமில்லாத விதையாம்!

சரி, வாங்கியாச்சே என்று போட்டேன். வெங்காயம் ஒன்றுகூட முளைக்கவில்லை. வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு, ஓரிரு வருடத்தில் வீரியம் போய்விடும். தேதி போடாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

தக்காளிதான் பெரிய கூத்து. ஒரே கவரிலிருந்து எட்டுச் செடி. ஒன்று முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது, இன்னொன்று குச்சியைத் தாண்டி என் தலைக்கு மேல் போனது. ஒன்றில் உருண்டைப் பழம், பக்கத்துச் செடியில் நீளம், இன்னொன்றில் கோலி அளவு. நிலைத்த நாட்டு ரகம் இப்படி ஆளுக்கொரு பக்கம் போகாது. ஹைப்ரிட், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய செடியின் பழத்தைப் பிழிந்து எடுத்த விதை என்றுதான் நினைக்கிறேன். அதன் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து இப்படித்தான் கலவையாக வரும். ஹைப்ரிட் மேல் எனக்குக் கோபமில்லை. ஹைப்ரிட் என்று சொல்லி விற்றால் தெரிந்தே வாங்கியிருப்பேன்.

அவரை பந்தல் முழுக்கப் படர்ந்தது, பூ மட்டும் இல்லை. பழைய கொடி அவரை ரகங்கள் பல, பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கும். நான் நட்டது பகல் நீண்டுகொண்டிருந்த சமயம். பருவம் பார்க்காமல் பூக்கிற குத்து அவரை ரகங்கள் தனியாக உண்டு. எனக்குத் தேவைப்பட்டது அதுதான். கவரில் ரகத்தின் பெயர் இருந்திருந்தால் தேடிப் பார்த்திருப்பேன்.

விற்றவரிடம் கேட்டேன். "நீங்க தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க" என்றார். எட்டுச் செடியின் படத்தையும் அனுப்பினேன். "இயற்கைன்னா அப்படித்தாங்க இருக்கும்." அப்புறம் பதிலே இல்லை.

இப்போதெல்லாம் ரகத்தின் பெயரும் தேதியும் இல்லாத கவரை நான் தொடுவதில்லை. தக்காளி என்றால் குட்டையா, வளர்ந்துகொண்டே போகிற ரகமா என்று முதலில் கேட்பேன். தொட்டிக்குக் குட்டைதான் தோது. புது விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் மடித்து வைப்பேன். ஒரு வாரத்தில் ஐந்துகூட முளை விடாவிட்டால் அந்தக் கவரை நம்பி மண் கலக்க மாட்டேன். மிளகாய், கத்தரிக்கு இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக அந்தச் சுரை. பார்க்க அழகான காய். நறுக்கும்போது வழக்கம்போல ஒரு துண்டை நாக்கில் வைத்தேன், காறித் துப்பினேன், அப்படி ஒரு கசப்பு. காட்டுச் சுரையோடு மகரந்தம் கலந்த விதையில் இப்படி நேரலாம். சுரை கசந்தால் அது விஷம், வேகவைத்தாலும் போகாது, வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். அதே தொகுப்பை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் அந்தச் சுரையைச் சமைக்காதீர்கள். நான் கொடியையே வேரோடு பிடுங்கிவிட்டேன்.