சிறுவிடை நாட்டுக்கோழிக்குத் தீவனம் வாங்குறீங்களா? 38,000 ரூபாய் போன கதை இது

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன். விவசாயப் பொருள் விற்கும் ஒரு செயலியில் தீவனம் வாங்கி 38,000 ரூபாய் போயிற்று. வளர்ந்து வந்த குஞ்சுகளில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. சிறுவிடைக்கு எந்த வயதில் என்ன தீவனம் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் இதைப் படியுங்கள்.

விற்றவன் பேச்சு காங்கேயம் பக்கத்துப் பேச்சு. "ஏனுங்கக்கா, பிராய்லர் தீவனத்தைப் போட்டுறாதீங்க. அது 40 நாள்ல 2 கிலோ ஏத்தறதுக்குச் செஞ்சது. நம்ம கோழி மெதுவா வளரோணும். கம்பு, சோளம் சேர்த்து நானே அரைச்சுத் தர்றனுங்க" என்றான். அதில் ஒன்றுகூடத் தப்பில்லை. குஞ்சுக்கு எத்தனை வாரம், மேய விடுகிறோமா, கரையான் பிடித்துப் போடுகிறோமா என்றெல்லாம் கேட்டான். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டத்தில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த வீடு எங்களுடையது. அப்படியிருந்தும் அந்தப் பேச்சை நம்பி 20 மூட்டைக்கு முழுப் பணமும் அனுப்பினோம்.

வந்தது முட்டைக்கோழித் தீவனம். குஞ்சுகள் ஓயாமல் தண்ணீர் குடித்தன, வெள்ளையாகக் கழிந்தன. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். சிறுநீரகம் வீங்கியிருந்தது, ஈரல்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை உப்பு. முட்டை ஓட்டுக்காக அந்தத் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதம் வரை இருக்குமாம். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதமே போதும், மிஞ்சினால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார். வீட்டில் ஒரு பிடி தீவனத்தைத் தண்ணீரில் கரைத்தேன். அடியில் தங்கிய தூளில் எலுமிச்சை பிழிந்ததும் நுரைத்தது, சுண்ணாம்புக்கல் தூள்தான். மூட்டை வாயில் பழைய ஊசித்துளைகள், அதன்மேல் புதுத் தையல்!

போன் செய்தால் முதலில் "தண்ணியை மாத்திப் பாருங்க". அப்புறம் "லாரிக்காரன் மாத்தி இறக்கிட்டான்". அப்புறம் எடுக்கவே இல்லை. செயலிக்காரர்களோ "அது உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள விவகாரம்" என்று முடித்துவிட்டார்கள். 38,000 ரூபாய்ங்க! கம்பு மூட்டையாக வாங்கியிருந்தால்கூட இத்தனை உயிர் போயிருக்காது.

கடைசியில் சொல்கிறேன் என்ற தீவன முறையை விளக்கமாக எழுத இப்போது மனசில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். மூட்டைத் தையலைப் பாருங்கள், தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு மாதிரி கொடுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நாங்களும் அங்கே புகார் கொடுத்திருக்கிறோம்.